நீலம் பாயாத பசை

அக்கா,

இன்று காலை நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் வாங்கி வந்தேன். பொட்டலத்தைப் பிரித்தேன். அந்த நீலத்தைப் பார்த்ததும் நீ வந்து எதிரில் நின்றுவிட்டாய். செத்து இரண்டு வருஷம் ஆகியும் நீ என்னை விடுவதாக இல்லை.

உனக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோதே எழுதி உன் கையில் கொடுத்திருந்தாலும், "இன்னாடி எழுதிகீது, படி" என்று என்னிடமே நீட்டியிருப்பாய். நானும் வேண்டாத வரிகளை விழுங்கிவிட்டு மீதியைப் படித்துக் காட்டியிருப்பேன். உன் தாய் ஊர் கலவையிலிருந்து உன் அண்ணன் போடும் கடிதங்களை நான்தானே படிப்பேன். நீ என் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்பாய். வருஷத்தில் அந்த நாலைந்து தடவைதான் இந்த ஓரகத்தி உன்னைவிட ஒரு படி மேலே இருந்தாள். அதனால் மெதுவாகவே படிப்பேன்.

ஜோலார்பேட்டையிலிருந்து கமலா எழுதியிருக்கிறாள். அவள் பிள்ளைகள் மூன்றும் காலையில் பள்ளிக்கூடம் கிளம்புவதற்குள் வீட்டைத் தலைகீழாக்கிவிடுகின்றனவாம். "பெரியம்மா சுவரில் மாட்டி வைப்பார்களே காகிதப் பை, அதைச் செய்யப் போகிறேன். பசை எப்படிக் காய்ச்சுவது? பெரியம்மா இருந்தால் அவர்களையே கேட்டிருப்பேன். நீயாவது பக்கத்தில் இருந்து பார்த்திருப்பாயே, எழுது" என்கிறாள். அந்த 'நீயாவது' என்ற சொல்லை நாலு தடவை படித்தேன். பெற்றவள் நான். கலியாணமாகிப் போன ஒன்பது வருஷத்தில் என் மகள் என்னிடம் ஒரு யோசனை கேட்டாள் என்றால் இதுதான் முதல் தடவை. அதுவும் உன் பசை.

நம் வீட்டுக் காலை நேரம் உனக்கு ஞாபகம் இருக்கும். தோல் பதனிடும் ஷாப்பில் சங்கு ஊதினால் அண்ணன் தம்பி இருவரும் வேலைக்கு ஓட வேண்டும். அதே நேரத்தில்தான் உன் நடராஜனுக்குச் சிலேட்டு துடைக்கிற துணி காணாமல் போகும், என் தனபாலுக்குப் பலப்பம், கமலாவுக்கு ரிப்பன். சின்னவள் சரசு, பள்ளிக்கூடம் போகாதவள், தன் பங்குக்கு எதையோ தொலைத்துவிட்டு அழுவாள். நான் கத்துவேன், கைக்கு எட்டியவனை அடிப்பேன். "தெனம் இதே பேஜாரு" என்று என் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

நீ ஒரு நாளும் கத்தவில்லை. ஒரு மத்தியானம், தோல் கட்டுகளைச் சுற்றுகிற பழுப்புக் காகிதத்தைத் தரையில் விரித்து உட்கார்ந்தாய். ஷாப்பில் மிச்சமானதை உன் வீட்டுக்காரர் கொண்டுவந்திருந்தார். நீளமாக ஒரு தாள், அதன் மேல் நாலு பைகள். மேல் ஓரத்தில் சணல் கயிறு கோத்து, ஆணியில் மாட்டினாய். பிறகு கத்தரிக்கோலை எடுத்து முதல் பையின் வாய் ஓரத்தில் முக்கோணமாக ஒரு வெட்டு வெட்டினாய். அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து மூன்று, கடைசிப் பையில் நாலு. வயசு வரிசைப்படி நடராஜன், கமலா, தனபால், சரசு.

"பேரு எழுதித் தரட்டா அக்கா?" என்றேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்த கர்வம் எனக்கு.

"பேரு எதுக்குடி? நாலு சாயபு வூட்டுத் தோலு ஒரே சுண்ணாம்புத் தொட்டியில ஊறுது. மேல மசியில எழுதினா நிக்குமா? ஓரத்துல வெட்டு போட்டுத்தான் உள்ள எறக்குறாங்க. எத்தினி தண்ணியில முங்கினாலும் எது யாருதுன்னு வெட்டு சொல்லிடும்."

மறுநாள் காலை நம் வீட்டில் அழுகைச் சத்தமே இல்லை. சரசு எம்பி நின்று, விரலால் ஓரத்தைத் தடவி, நாலாவது வெட்டில் நிறுத்தி, உள்ளே இருந்து சோழிகளை எடுத்தாள். எடுத்த கையோடு உன்னிடம் ஓடி வந்து காட்டினாள். நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். என்னைத் தாண்டித்தான் ஓடினாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது, அக்கா. மூன்று பிள்ளைகளைப் பத்து மாதம் சுமந்தவளுக்கு வராத வித்தை, ஒன்றைப் பெற்ற உனக்கு எப்படி வந்தது?

அதனால்தான் நானும் பை செய்தேன். பழுப்பு இல்லை, நல்ல வெள்ளைத் தாள். ஒவ்வொன்றிலும் முத்து முத்தாகப் பெயர் எழுதி எங்கள் அறையில் மாட்டினேன். இரண்டு நாள் தாங்கியது. படிக்கத் தெரியாத சரசு தன் சோழியைத் தனபால் பையில் போட, அவன் அதை வெளியே வீச, இரண்டும் மண்டையை உடைத்துக்கொண்டன. கமலாதான் வந்து சமாதானம் செய்தாள். "அம்மா, உன்னுது படிக்கணும். பெரியம்மாது தொட்டாலே போதும்" என்றாள். ஏழு வயசுப் பெண்ணின் வாயிலிருந்து அதைக் கேட்ட அன்று நான் சோறு தின்னவில்லை. என் வெள்ளைப் பைகளை அடுப்பில் போட்டேன். உன்னுடையவை சுவரில் தொங்கின.

வருஷம் ஒரு முறை, பள்ளிக்கூடம் திறக்கும்போது நீ புதுப் பை செய்வாய். மூன்றாவது வருஷம் தாளை மடித்து, வெட்டெல்லாம் போட்டுவிட்டு, தாய் வீட்டில் காதுகுத்து என்று கலவைக்குக் கிளம்பினாய். மாடக்குழியில் இருந்த பொட்டலத்தைக் காட்டினாய்.

"ஒட்டி மட்டும் வச்சிடு. மைதாவ கரைச்சிக் காய்ச்சு. எறக்கும்போது துத்தத்தப் பொடி பண்ணிப் போடு. மறந்துடாத, இல்லாட்டி பூச்சி உட்டு வைக்காது. கைய நல்லா கழுவு, புள்ளைங்கள கிட்ட சேர்க்காத."

நான் மறக்கவில்லை. துத்தம் போடவும் இல்லை. அதற்குப் பதில் ஒரு கட்டி வெல்லத்தை நசுக்கிப் போட்டுக் கிளறினேன். கிளறும்போது எனக்குச் சிரிப்புகூட வந்தது. பை நாசமாகட்டும், 'பெரியம்மா பை' என்ற பேச்சு இந்த வீட்டில் ஒரு வருஷமாவது இல்லாமல் இருக்கட்டும் என்பதற்கு மேல் நான் எதையும் நினைக்கவில்லை.

இரண்டாவது பையில் கமலா எதை வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வரும் இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குக் காட்ட, தாளில் ஊசியால் துளை போட்டுத் துளை போட்டு ஒரு மயில் செய்திருந்தாள். ஒரு மாத வேலை. பெற்றவளிடம் காட்டவில்லை, உன்னிடம் காட்டியிருந்தாள். பத்தே நாளில் எறும்பு வரிசை கட்டியது. பின்னாலேயே கரப்பான் வந்தது. ஒரு காலையில் அவள் பைக்குள் கையை விட்டபோது பையின் அடிப்பக்கம் பெயர்ந்து கையோடு வந்தது. மயிலுக்குக் கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை.

அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. நான் கையை நீட்டினேன். அவள் உன் மடியில் போய் விழுந்தாள்.

நீ பையைத் திருப்பிப் பார்த்தாய். துத்தம் போட்ட பசை காய்ந்தாலும் மடிப்போரம் லேசாக நீலம் பாய்ந்திருக்கும். இதில் நீலம் இல்லை. வெல்லப் பழுப்பு. நீ தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாய். நான் செத்தேன் என்றுதான் நினைத்தேன்.

"அழாத கண்ணு. ஊருக்குப் போற அவசரத்துல துத்தம் போடச் சொல்ல மறந்துட்டேன். பெரியம்மா தப்புதான். உங்கம்மா இன்னா பண்ணுவா, பாவம்" என்றாய்.

அன்று சாயங்காலம் கிணற்றடியில் நாம் இருவர் மட்டும் இருந்தோம். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "அடுத்த வாட்டி வெல்லத்த பாயசத்துல போடுடி" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நீ என்னைத் திட்டியிருக்கலாம். கமலாவிடம் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் உன்னை நிம்மதியாக வெறுத்திருப்பேன். நீயோ என் தப்பையும் எடுத்துக்கொண்டாய். மறுநாள் கமலாவை உட்கார வைத்து அவளோடு சேர்ந்து புது மயிலுக்குத் துளை போட்டாய். இன்ஸ்பெக்டர் அம்மா அதை மெச்சினாள். நல்லவள் என்ற பெயரும் உனக்கே போயிற்று. இதிலும் எனக்குப் பொறாமைதான், மறைப்பானேன். மன்னிப்புக் கேட்க எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் அதையும் நீ அழகாக வாங்கிக்கொள்வாய் என்று தோன்றும், விட்டுவிடுவேன். உன் கடைசி நாட்களில் கமலா ஓடி வந்து உன் காலைப் பிடித்துவிட்டபோதுகூட, எனக்கு ஜுரம் வந்தால் இப்படி வருவாளா என்றுதான் நான் கணக்குப் போட்டேன்.

மத்தியானம் அவளுக்குப் பதில் எழுதினேன். மைதா இத்தனை, தண்ணீர் இத்தனை, கொதித்து இறக்கும்போது துத்தம் இத்தனை. அவள் மூன்றாவது பிள்ளைக்கென்று என் கையால் ஒரு பையும் மடித்து, நீ வெட்டுகிற மாதிரியே மூன்று வெட்டுப் போட்டு உள்ளே வைத்தேன். உன் பெயரைக் குறிப்பிடவில்லை. பசை மணக்க மணக்க உறையை ஒட்டினேன். இந்த ஒன்றாவது என்னுடையதாக இருக்கட்டும் என்றிருந்தது. தபால்பெட்டி வரைக்கும் போனேன். உறையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே நின்றேன். திரும்பி வந்து அதைக் கிழித்தேன். கடிதத்தின் கீழே இன்னும் நாலு வரி சேர்த்தேன்.

"உன் மயிலை எறும்பு தின்ற வருஷம் துத்தத்தை மறந்தது பெரியம்மா இல்லை. அவர்கள் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். நான் வேண்டுமென்றே போடவில்லை. வெல்லம் போட்டதும் நான்தான்."

புது உறையில் வைத்து, போட்டுவிட்டு வந்துவிட்டேன். இனி எடுக்க முடியாது.

இரண்டு மூன்று நாளில் அவள் பதில் வரும். என்னைக் கோபித்துக்கொண்டு நாலு வார்த்தை இருக்கலாம். மீதி முழுக்க நீதான் இருப்பாய். உன்னைப் பற்றி அவள் இதுவரை எழுதாத அளவுக்கு எழுதுவாள், எனக்குத் தெரியும். உனக்கோ படிக்கத் தெரியாது. அதை உன் படத்துக்கு எதிரில் உட்கார்ந்து நான்தான் படித்துக் காட்ட வேண்டும். இந்தத் தடவை ஒரு வரியும் விழுங்க மாட்டேன்.