தலைகீழ்ப் பீடம்

இன்று காலை பட்டறைக்கு வந்தால், நம் கல்லின்மேல் சந்தனம் பூசி ஒரு செம்பருத்தியும் வைத்திருக்கிறார்கள். நேற்று சிலை பார்க்க வந்த வெளியூர்க் கூட்டத்தில் எவளோ ஒரு புண்ணியவதி செய்த வேலை. பக்கத்துப் பட்டறைக்காரர் வேறு வந்து நின்று, "அண்ணாச்சி, இது எந்தச் சாமிக்குள்ள பீடம்? தலகீழாட்டுல்லா இருக்கு?" என்று கேட்கிறார். மயிலாடியில் முப்பது வருடமாக உளி பிடிக்கிற மனிதர்.

"உமக்குத் தெரிஞ்ச சாமி இல்ல. போய் உம்ம சோலியப் பாரும்" என்றேன்.

சந்தனத்தைக் கழுவினேன். கீழ்த்தட்டுக்கு அடியில் நீ செருகி வைத்த தீப்பெட்டியைக் குப்பையென்று எறிந்திருந்தார்கள். கல்தூளுக்குள் தேடி எடுத்து அதே இடத்தில் வைத்தேன். நீ செத்து இரண்டு வருடமாகிறது. தீப்பெட்டியில் குச்சி நாலு மிச்சம் இருக்கிறது.

குவைத் விமான நிலையத்தில் இருபது வருடம் பெட்டி ஏற்றி இறக்கிவிட்டு இராஜாக்கமங்கலத்துக்குத் திரும்பியபோது நீ ஒரு புத்தகம் கொண்டுவந்தாய். எவனோ ஒரு விமானி விட்டுப்போனது. அட்டை கிடையாது, முதல் இருபது பக்கமும் கிடையாது. சிறு விமானம் ஓட்ட உரிமம் வாங்குகிறவர்களுக்கான பாடம் என்பது மட்டும் தெரிந்தது.

"மக்கா, வானத்துல எங்க போலாம், எங்க போவக்கூடாதுன்னு எல்லாம் இதுல கெடக்கு. ஒனக்கு மண்ட இருக்கு. எனக்கு ஆச மட்டுந்தான் இருக்கு."

உன் ஆசை எனக்குத் தெரியும். இருபது வருடம் விமானத்தின் வயிற்றுக்குள் நின்று பெட்டி அடுக்கியவன் நீ. ஊருக்கு வந்துபோகும்போதெல்லாம் உனக்குக் கிடைத்தது நடு இருக்கை. உன் ஊர்க் கடலையும் கரையையும் மேலேயிருந்து பகல் வெளிச்சத்தில் ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும். அதற்கு நாமே விமானம் ஓட்டலாம் என்று அறுபதை நெருங்கும் வயதில் முடிவு செய்தோம். நம்மைப் பார்த்துச் சிரித்தவர்கள் யாரும் ஒரு மிதிவண்டியைக்கூட ஒழுங்காகத் துடைத்து வைக்காதவர்கள்.

மருத்துவச் சோதனையில் உன்னிடம் நிறப் புள்ளிப் படத்தை நீட்டி, என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். "எண்ணா? இதுலயா?" என்று கேட்டாய். நிறம் பிரித்தறியாத கண் என்று எழுதிவிட்டார்கள். உன் கதை அங்கே முடிந்தது. மிச்சம் நான். நான் ஓட்டுவது, நீ பக்கத்தில் உட்காருவது என்று ஆயிற்று. பட்டறைக்குப் பின்னாலிருந்த மூன்று சென்ட்டை விற்றுப் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தேன்.

அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தை எட்டு மாதம் படித்தேன். வான்வெளியை ஏ, பி, சி, டி என்று வகுப்புகளாகப் பிரித்திருந்தார்கள். பெரிய விமான நிலையத்துக்கு மேலுள்ள வானம் பி. தரையருகே குறுகலாகவும், உயரப்போகப்போகத் தட்டுத்தட்டாக அகன்றும் இருக்கும் என்றது புத்தகம். எழுத்தில் படித்தால் எனக்கு எதுவும் ஏறாது. உடைந்த பீடக்கல் ஒன்றை எடுத்து அப்படியே செதுக்கினேன். செதுக்கி முடித்தபோது புரிந்துவிட்டது. பெரிய விமானங்கள் தொலைவிலிருந்தே சரிந்து சரிந்து இறங்கும். அந்தச் சரிவைக் காப்பதற்குத்தான் இந்த வடிவம். தட்டுகளுக்கு அடியில் மிஞ்சும் இடம் சின்ன விமானங்களுக்கு.

நீ தீப்பெட்டியை எடுத்து அடித்தட்டுக்குக் கீழே மெல்ல நகர்த்தினாய்.

"இப்பிடிப் போலாமா?"

"போலாம். எவன்ட்டயும் கேக்காண்டாம்."

"எங்க ஊர்க் கடலுக்கு மேல?"

"அங்கயும் கேக்காண்டாம்."

"அப்ப இது இங்கயே இருக்கட்டும். கேட்டியா, யாரையும் எடுக்க விட்டுராத."

வாய்மொழித் தேர்வன்று வெளியே வேப்பமரத்தடியில் நீ உட்கார்ந்திருந்தாய். தேர்வுக்கு வந்திருந்த மற்றவர்கள் எழுத்துகளை மந்திரம்போல உருப்போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவனிடம், அது ஏன் அப்படி என்று கேட்டேன். "அங்கிள், ஏன்னு எல்லாம் கேட்க மாட்டாங்க" என்றான். இவர்கள்தான் நாளைக்கு நம் தலைக்குமேல் பறக்கப்போகிறார்கள்.

தேர்வாளர் ஓய்வுபெற்ற அதிகாரி. திருவனந்தபுரம் விமான நிலைய வான்வெளி எந்த வகுப்பு என்று கேட்டான். பி என்றேன். சிரித்தான்.

"இந்தியாவுல பி-யே கிடையாதுங்க. எந்த நாட்டு புக் படிச்சீங்க?"

அமெரிக்காவின் புத்தகம் அது. உள்ளே அந்த நாட்டு ஊர்ப்பெயர்கள் இருந்தன; எனக்கும் தெரியும். கணக்குப் புத்தகத்தில் மாம்பழம் வருவதுபோல அவை உதாரணத்துக்கு வருகின்றன என்று நினைத்தேன். வானம் நாட்டுக்கு நாடு மாறும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? குவைத்தில் விமானங்களுக்கு நடுவிலேயே இருபது வருடம் இருந்த நீயும் சொல்லவில்லை.

இருந்தாலும் அந்த வடிவத்தையும் அதன் காரணத்தையும் அவனுக்கு விளக்கினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நல்லா புரிஞ்சு வெச்சிருக்கீங்க. ஆனா இங்க அது டி. டி-ன்னு ஒரு எழுத்து சொல்லுங்க, அடுத்த கேள்விக்குப் போயிடலாம்."

"ஏன் டி?"

"ரூல்ல இருக்கு."

"ரூல்ல ஏன் அப்படி இருக்கு?"

"அது உங்க வேலை இல்ல. சொல்றீங்களா, அடுத்த ஆளைக் கூப்பிடவா?"

எழுந்து வந்துவிட்டேன்.

மரத்தடியில் நீ முழுவதையும் கேட்டுக்கொண்டாய். நீ திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அடுத்த மாசம் திரும்ப வரலாம்லா மக்கா? வந்து அந்த ஒரு எழுத்தச் சொல்லிருவியா?"

"மாட்டேன். காரணம் தெரியாதவன் கேக்குத கேள்விக்கு நான் பதில் சொல்லமாட்டேன்."

நீ சட்டையில் ஒட்டியிருந்த வேப்பிலையைத் தட்டிவிட்டாய். "செரி, வா. பஸ்ஸு போயிரும்" என்றாய். அதற்குப் பிறகு நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பத்து வருடம் பட்டறைக்கு வந்து தேநீர் குடித்தாய், கல்லைப் பார்த்தாய், தீப்பெட்டியைத் தொடவில்லை.

உன் அடக்கத்தன்று மாதா கோயிலில் உன் மச்சினன் பேசினான். வானத்தையே அளந்த மனுஷனாம் நீ. கூட்டம் அழுதது. நடு இருக்கையில் கையை ஒடுக்கிக்கொண்டு வந்தவனைப் பற்றி இப்படிப் பேச எப்படி வாய் வருகிறது? நான் பாதியில் வெளியே வந்து கடற்கரையில் நின்றேன்.

பிறகு நம் நாட்டு விதிகளைப் படித்தேன். அந்த ஆளுக்குத் தெரியாத காரணமும் கிடைத்தது. டி வகுப்பில், கருவியைப் பார்த்துப் பறப்பவனும் கண்ணால் பார்த்துப் பறப்பவனும் ஒரே வானத்தில் போகலாம். இருவரும் அனுமதி கேட்க வேண்டும். ஆனால் கண்ணால் பறப்பவனை யாரும் விலக்கிவிட மாட்டார்கள். எங்கே யார் வருகிறார் என்று சொல்வார்கள், பார்த்து விலகிக்கொள்வது அவன் பொறுப்பு. இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவனால் முடியவில்லை. இன்றைக்கு அவன் வந்து கேட்டாலும் நான் வாய் திறக்கமாட்டேன்.

அன்றைக்கு மரத்தடியில் அந்த ஒரு எழுத்தைக் கேட்டது அவன் இல்லை, நீ.

இதோ எழுதுகிறேன்: டி.