எடுத்தவர், சோதித்தவர்

மார்ச் 3, திங்கள்

இந்த வாரமும் ஏரித் தண்ணீர் ‘பாதுகாப்பானது’. ஆறு வருஷமாக மாறாத முடிவு. பாட்டிலில் எடுத்து வருவது என் கணவர், சோதித்துக் கையெழுத்துப் போடுவது நான். ஏரிக்குப் போய் வந்தவர் செருப்பில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. தரையில் கால் படாமல் நடப்பீங்களோ என்று சீண்டினேன். சிரித்தார்.

மார்ச் 6

படகுக்காரர் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். சாயப் பட்டறைக் குழாய் ஏரியில் விழும் இடத்தில் மீன் செத்து மிதக்கிறதாம். பேத்திக்கு உடம்பெல்லாம் தடிப்பாம். அந்தக் கரையில் எல்லோரும் குடிப்பது ஏரித் தண்ணீர்தான். அறிக்கையை எடுத்து நீட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மார்ச் 10

கைத்தவறு. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்க விடும் மருந்தை ஏரித் தண்ணீரில் விட்டுவிட்டேன். பளிச்சென்று ரோஜா நிறம். அப்படியென்றால் குளோரின். ஏரியில் யார் குளோரின் போட்டது? மூன்று தரம் செய்து பார்த்தேன். மூன்று தரமும் ரோஜா.

வீட்டுச் சமையலறைக் குழாயில் பிடித்ததையும் சோதித்தேன். அதே ரோஜா.

மார்ச் 11

கணவரிடம் கேட்டேன். பாட்டில் கழுவின தண்ணி தங்கியிருக்கும் என்று மழுப்பினார். நான் நகரவில்லை.

“ஆமா, நம்ம குழாயிலதான் பிடிச்சேன். உன் தம்பிக்கு அந்தப் பட்டறையில வேலை சும்மா கிடைச்சுதுன்னா நினைச்சே?”

எல்லாம் உனக்காகத்தான் என்கிறார். எனக்காகவாம்! என்னை முட்டாளாக்கினதும் எனக்காகத்தானா? ஆறு வருஷம் என் சமையலறைத் தண்ணிக்கே கையெழுத்துப் போட்டிருக்கேன். அந்தக் குழந்தை குடிச்சது வேற தண்ணி — கடவுளே.

மார்ச் 12

சோறு இறங்கவில்லை.

மார்ச் 14

தம்பிக்குத் தெரிந்திருக்காது என்று நம்பிக்கொண்டு போனேன். தலையைக் குனிந்துகொண்டான். “மாமாதான் உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு அக்கா.”

இவனுமா? இவனைத் தூக்கி வளர்த்த கை இது. இனி யாரை நம்புவது?

இந்த அறிக்கை மாறினால் பட்டறையை மூடுவார்கள், தம்பிக்கு வேலை போகும். கணவருக்கும் போகும். எனக்கும்தான்.

மார்ச் 17, திங்கள்

காலையில் படகுக்காரர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். படகை அவிழ்த்தார், அவ்வளவுதான். குழாய் விழும் இடத்தில் நானே பாட்டிலை முக்கினேன். தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

மதியம் முடிவு தெரிந்தது. குடிக்கக் கூடாது. படிவத்தின் அடியில் இரண்டு கோடு உண்டு: எடுத்தவர், சோதித்தவர். இரண்டிலும் என் பெயரையே எழுதினேன். பழைய அறிக்கைகள் எல்லாம் பொய் என்று தனியாக எழுதிக் கொடுத்தேன். ஆய்வக அதிகாரி வாங்கி இரண்டு தரம் படித்தார்.

வீட்டு வாசலில் கணவர் செருப்பு எப்போதும்போல் சுத்தமாக இருந்தது. என் செருப்பைச் சேற்றோடு கழற்றி, அதிலிருந்து தள்ளி வைத்தேன்.