உன் அறைக்குக் காற்று வந்துவிட்டது

காஜா பெராங், மலாக்கா.
4-10-1959

அன்பு மகள் மல்லிகாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்ல சுகம், அப்பாவின் பிடிவாதம் அதைவிட நல்ல சுகம். அந்தக் குளிர் தேசத்தில் நீ சளி இருமல் இல்லாமல் நர்ஸ் படிப்பை முடிக்க வேண்டும் என்று தினமும் முருகனை நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். படிப்பு முடிந்ததும் வீட்டுக்கு வராமல் சிங்கப்பூரில் வேலை தேடிக்கொள்கிறேன், அந்த அறையில் இனி வெந்து கிடக்க முடியாதம்மா என்று எழுதியிருந்தாய். எனக்கு மனசே விட்டுப்போயிற்று. ஆனால் நீ சொன்னது பொய்யில்லை, உன் அறை அடுப்படியைவிட மோசம்தான்.

இதற்குள் இங்கே ஒரு கூத்து. மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த பிறகு டவுன் கவுன்சிலில் இருந்து வீடு வீடாக வந்து பார்க்கிறார்கள். அங்கே வேலை செய்யும் கருணாகரன் உன் அறையைப் பார்த்துவிட்டு, படுக்கிற அறைச் சுவரில் காற்று போக வர வழி வேண்டும், தீபாவளிக்குள் செய்யாவிட்டால் அறையைப் பூட்டிவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டான். அப்பா உடனே ஒரு மேசை விசிறியை வாங்கி வந்து, இந்தா காற்று என்றார். அவன் சிரித்துக்கொண்டே, ஐயா, இது உள்ள இருக்கிற சூட்டையே சுத்திச் சுத்தி அடிக்குது, கரண்டுதான் வீணாப் போவும், ரூல்ஸுக்குச் செல்லாது என்றான். சுவரை இடித்து ஜன்னல் வைக்க உன் அப்பா விடுவாரா? சுரண்டவே விடாதவர். தாத்தா கையால் பூசிய சுண்ணாம்பு என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் பழசின் மேலேயே புதுசைப் பூசுகிறவர் ஆயிற்றே.

போன வாரம் அவர் கிளேபாங்கில் இருக்கும் தன் சிநேகிதர் சுப்பையனைப் பார்க்கப் போயிருந்தார். நான் உன் அறையில் காலண்டர் மாட்ட உயரத்தில் ஓர் ஆணி அடித்தேன். அது கல்லில் முட்டாமல் முழுசாக உள்ளே போய்விட்டது. சந்தேகம் வந்து பாராங் கத்தியை எடுத்துச் சுரண்டினேன். சுண்ணாம்பு அப்பளம் அப்பளமாக விழுந்தது. உள்ளே பூப்போல ஓட்டை விட்ட பச்சை நிறக் கற்கள், ஒரு வரிசை முழுக்க. என்றைக்கோ சாரலுக்குப் பயந்து சாக்கைத் திணித்து அடைத்திருக்கிறார்கள். அதன்மேல் உள்ளேயும் வெளியேயும் வருஷா வருஷம் சுண்ணாம்பு. நான் கல்யாணமாகி வந்தபோதே அது வெறும் வெள்ளைச் சுவர்தான்.

அப்பா திரும்பி வந்து, எங்கப்பா பூசினத உடைச்சிட்டியேடி என்று கத்தினார். நான் ஒரு சாக்கைப் பிடுங்கி, வெளிப்பூச்சையும் கத்தியால் குத்தித் தள்ளினேன். காற்று வந்து, மாட்டாமல் கட்டிலில் கிடந்த காலண்டரைப் புரட்டியது. அவர் கல்லைத் தடவிப் பார்த்து, இது எங்கப்பா வச்ச கல்லு, சின்னப் பிள்ளையில என்னைத் தோள்ல தூக்கி இது வழியா வெளிய காட்டுவாரு, மறந்தே போச்சே என்று சொல்லி அழுதுவிட்டார். தாத்தா வைத்த காற்றை மகன் பக்தியாகப் பூசி மூடியிருக்கிறார். பிறகு மிச்சத்தை அவரே சுரண்டினார். கருணாகரன் வந்து பார்த்து, இதுவே போதும், இடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

இப்போது பக்கத்து வீட்டு நஜ்முன்னிசா தாளிக்கிற வாசம்கூட உன் அறைக்கு வருகிறது. மத்தியானமானால் உன் கட்டிலில் அப்பாதான் படுக்கிறார். நீ வரும்வரை காவலாம். சிங்கப்பூர் சங்கதியை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. அந்த வரியைத் தாண்டிப் படித்துவிட்டேன். படிக்க வேண்டி வராது என்றுதான் நினைக்கிறேன்.

தலை ஈரத்தோடு வெளியே போகாதே, கம்பளிச் சட்டையைக் கழற்றாதே. நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். எப்போது வருகிறாய் என்று அப்பா பேருக்கே எழுது.

உன் அம்மா
பூங்காவனம்