நீ எழுதாமல் விட்ட வரி

அன்புள்ள சுகிர்தாவின் அம்மாவுக்கு,

மதியம் கேன்டீனில் டிபன் டப்பாவைத் திறந்ததும் இந்தக் காகிதம்தான் முதலில் கைக்கு வரும். இடது கையால் எழுதியது, கோணலாகத்தான் இருக்கும்.

நேற்று நீ தேர்வாய் கண்டிகைக்கு கம்பெனி பஸ் ஏறியதும், நீ எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த குறிப்பைப் பார்த்துத் தேங்காய் பஃப்ஸ் செய்தேன். மாவைத் தேய்த்து, பூரணம் வைத்து, மடித்து ஓவனில் வைத்தேன். முதல் ஆறும் பிரிந்து, வெல்லம் தட்டெல்லாம் ஒழுகியது. "இன்னா நைனா, எல்லாம் வாயப் பொளந்துக்கினு கீது?" என்று சிரித்த உன் பெண், நீ பார்த்து எழுதிய வீடியோவைப் போட்டுக் காட்டினாள். மடித்ததும் விளிம்பைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளி ஒட்ட வேண்டுமாம்.

அந்த ஒரு வரியை மட்டும் நீ எழுதவில்லை.

கொஞ்ச நேரம் நான் ஓவன் பக்கமே போகவில்லை. பிரஸ் மெஷின் என் வலது கையில் கட்டைவிரலோடு சேர்த்து மூன்று விரல்களை எடுத்துக்கொண்ட நாளிலிருந்து, இப்படி எத்தனை வரிகளை எனக்காக விட்டிருப்பாய்? தினமும் என் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டே வேறு எதையாவது பேசுவாயே, அதற்கு ஒரு நாளும் நான் நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

மிச்ச மாவை மடித்து, விளிம்பில் ஒரு புதுச் சீப்பின் பல்லை வைத்து அழுத்தினேன். ஒன்றுகூடப் பிரியவில்லை. டப்பாவில் இருப்பது அதுதான், தடம் தெரியும் பார்.

அந்த வரியையும் குறிப்பில் எழுதிவிடு. பக்கத்தில் 'சீப்பு' என்று நான் எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இன்று தன் சட்டைக்குத் தானே பித்தான் போட்டுக்கொண்டவன்