பாறைப் பள்ளத்தில் பாய் ஒளித்த டப்பா

போன வாரம் போனில் ஒரு செய்தி வந்தது பாய். குப்பனூர்ப் பக்கத்துப் பாறைப் பள்ளத்தில் நீங்கள் ஒளித்து வைத்த டப்பாவைத் தேடிப் போனவர்கள் எல்லாம் வெறுங்கையோடு திரும்பிவிட்டார்களாம். அது அங்கேதான் இருக்கிறது என்று யாராவது உறுதி சொல்லாவிட்டால், ஜியோகேஷிங் வரைபடத்திலிருந்து நீக்கிவிடுவார்களாம். சுருக்கென்றது. நீங்கள் கண்ணை மூடிய பிறகு ஏற்காடு பஜாரில் உங்கள் ஹார்டுவேர் கடை கைமாறிவிட்டது, போர்டும் மாறிவிட்டது. உங்கள் பெயரில் மிச்சமிருப்பது இந்த டப்பா ஒன்றுதான்.

ஒருவர் எதையாவது ஒளித்து வைத்து, இடத்தின் எண்களை இணையத்தில் போட, முன்பின் தெரியாதவர்கள் போனைப் பார்த்தபடி தேடி வரும் விளையாட்டு. அதற்காகத் தலை நரைத்த நாம் இருவரும் மலை மலையாகத் திரிந்தோம். "காப்பி பறிக்கற நேரத்துல டப்பா பொறுக்கப் போறீங்களா?" என்று என் மனைவி நம்மைக் கிண்டல் செய்யாத நாளில்லை.

நேற்றுக் காலை தனியாகவே இறங்கினேன். பள்ளம் அப்படியேதான் இருக்கிறது, வேரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்க வேண்டும். அடியில் போன் கிறுக்குப் பிடித்த மாதிரி ஆடியது. இரு பக்கமும் பாறைச் சுவர் இருந்தால் அது அப்படித்தான். முன்பு வந்தவர்கள் அதை நம்பிக் கல்லைப் புரட்டி, பொந்து பொந்தாகத் துழாவியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவர்களுக்கு உங்களைத் தெரியாது.

பாம்பென்றால் நீங்கள் நடுங்குவது எனக்கல்லவா தெரியும்? "ஏனுங்க மாப்ள, பொந்துக்குள்ள நம்ம கைய உடமாட்டோம், அடுத்தவனை உடச் சொல்றது ஞாயமுங்களா?" என்பீர்கள். உட்காரத் தோதில்லாத இடத்தில் எதையும் வைக்கவும் மாட்டீர்கள். "நொம்ப தூரம் வந்தவன் ஒக்காந்து ஒரு வாய் டீ குடிக்கோணுமுங்க."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, உட்கார ஒரு பாறையைத் தேடினேன். ஓடை வளைவுக்குச் சற்று மேலே நல்ல தட்டையான பாறை. ஏறி நின்றால் நெஞ்சுக்கு நேரே, காட்டத்தி மரத்தின் கவட்டில், பச்சைப் பெயிண்ட் அடித்த உங்கள் டப்பா! உள்ளே நீங்கள் போட்ட சாவிக்கொத்தும் விசிலும் ஈரம் படாமல் கிடந்தன. உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல முடியவில்லையே என்றுதான் அழுகை வந்தது பாய்.

படம் எடுத்து அந்த வரைபடக்காரர்களுக்கு அனுப்பினேன். டப்பா தப்பித்தது. இனி யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார்கள், நான்தான் என்று எழுதினேன். ஒளித்தவர் பெயரில் மட்டும் கை வைக்காதீர்கள் என்றும் எழுதினேன்.

நாளைக்கு யாரோ ஒருவர் உங்கள் பெயரைப் படித்துவிட்டு அந்தப் பள்ளத்தில் இறங்குவார். இறங்கட்டும் பாய், நான் பார்த்துக்கொள்கிறேன்.