பொருந்தாத பின் அச்சு

மச்சானுக்கு,

சோறும் பருப்புக் குழம்பும் அடுப்படியில் இருக்கின்றன. சாப்பிட்ட பிறகு படியுங்கள்.

லாரியை முன்னும் பின்னும் ஜாக்கியில் தூக்கி, சாக்பீஸ் கோடு போட்டுச் சக்கரங்களைக் கையால் சுற்றிவிட்டு எண்ணினேன். சக்கரம் ஒருமுறை சுற்றினால் கியர் பாக்ஸிலிருந்து முன் அச்சுக்குப் போகிற சாஃப்ட் ஐந்துமுறை சுற்றுகிறது. பழைய இரும்புக் கடையில் வாங்கி நீங்கள் மாட்டிய பின் அச்சில் நாலுதான். என்மேலேயே சந்தேகம், மறுபடியும் எண்ணினேன்; அதே நாலுதான். நாலு சக்கரமும் இழுக்கிற கியரைப் போட்டால், முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கி, பட்டாசு லோடோடு நடுரோட்டில் கியர் பாக்ஸ் உடையும்.

நேற்று டிரைவர்கள் முன்னால், "சாயங்காலக் கிளாஸுக்குப் போயிட்டா நீ மெக்கானிக்காக்கும்?" என்றீர்கள். அதனால் இன்று வாய் திறக்காமல் முன் சாஃப்டைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டேன்; பின் சக்கரங்கள் மட்டும் இழுத்தே வண்டி ஓடும்.

மாரிசெல்வி

பி.கு.: என் கணக்குத் தப்பென்றால் அவர்கள் முன்னாலேயே திட்டுங்கள். சரியென்றால் நீங்களே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளுங்கள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.