நீட்டிக்க மறந்த தடையுத்தரவு

10 ஜூன் 2025
மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் நூற்பாலை வழக்கு. ஒன்றரை மணி நேரம் வாதாடினேன். நன்றாகப் பேசினேன் — நானே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான், வேறு யார் சொல்லப்போகிறார்கள்? இருபத்தாறு வருடம் சொத்து வழக்கும் வியாபார வழக்குமாக அலைந்தவளை, இன்றைக்குத்தான் ஒரு நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். மதியம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து குமாஸ்தா முத்துப்பாண்டி போன் பண்ணினான். "ஜட்ஜய்யா லீவும்மா. நம்ம கேஸ் அம்புட்டையும் இருபத்துநாலுக்குப் போட்டுட்டாவ." நல்லதாப் போச்சு என்றேன்.

11 ஜூன்
விசேஷமில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததில் இடுப்பு வலிக்கிறது.

12 ஜூன்
வெள்ளத்தாயக்காவின் வீடு போய்விட்டது.

ராஜபாளையத்தில் அய்யனார் கோவில் போகிற ரோட்டில், அவள் புருஷன் பட்டாளத்துப் பணத்தில் கட்டிய இரண்டு அறை. சுற்றிலும் பிளாட் போட்டவர்கள் அந்த இடமும் தங்களுடையது என்றார்கள். இடிக்கக் கூடாது என்று ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான்தான் இடைக்காலத் தடை வாங்கினேன். அது அடுத்த வாய்தா வரைக்கும்தான் செல்லும். ஒவ்வொரு வாய்தாவிலும் கேட்டு நீட்டிக்க வேண்டும். நீதிபதி லீவு என்றால் பொறுப்பு நீதிபதியிடம் மனு கொடுத்து அன்றைக்கே வாங்கிவிட வேண்டும். நேற்று கறுப்புக் கோட்டு மாட்டியவர்களுக்குக்கூடத் தெரியும்.

மறந்துபோச்சு. மில் கேஸ் சந்தோஷத்துல மறந்தே போச்சுடி ஈஸ்வரி.

எதிர்த்தரப்பு மறக்கவில்லை. காலை ஏழு மணிக்கு ஜேசிபி. போலீஸிடம் போனால், "தடை பத்தாந்தேதியோட முடிஞ்சிருச்சு" என்றார்களாம்.

அக்கா தலையெல்லாம் சிமெண்ட் தூசியோடு ஆபீசுக்கு வந்தாள். "ஜட்ஜ் லீவு போட்டா நாம என்னக்கா செய்ய முடியும்?" என்றேன். எப்படிச் சொன்னேன்? தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். "பொறவு என்னம்மா செய்யணும்?" என்றாள்.

15 ஜூன்
அக்கா தன் மகள் வீட்டில் இருக்கிறாளாம். அங்கே ஏற்கெனவே ஐந்து பேர்.

19 ஜூன்
எட்வின் வந்திருந்தார். என்னோடு ஒரே நாளில் வக்கீலாகப் பதிவு செய்தவர். என் மூஞ்சியைப் பார்த்தே கேட்டுவிட்டார். சொன்னேன்.

"தப்பு உன்னோடதுன்னு பிரமாணப் பத்திரம் போடு. அந்தம்மா அக்கறையில்லாம விடலைன்னு தெரிஞ்சாத்தான், இடிச்சதைக் கட்டிக் கொடுக்கச் சொல்லி நம்ம தெம்பாக் கேக்க முடியும்."

"மில்லுக்காரங்க காதுக்குப் போனா?"

"போகும்" என்றார். காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

20 ஜூன்
எழுதினேன். கிழித்தேன்.

23 ஜூன்
போனேன். மகள் வீட்டு வாசலில் அக்கா உட்கார்ந்து இடிபாட்டில் எடுத்த சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். மென்று முழுங்காமல் சொல்லிவிட்டேன். "தடையை நீட்டிக்க மறந்துட்டேன்க்கா. ஜட்ஜ் மேல பழியப் போட்டு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும்மா."

சாமானிலிருந்து கையை எடுக்கவில்லை. "அன்னைக்கு நான் கோர்ட்டுலதான் நின்னேன். மத்த வக்கீலெல்லாம் அடுத்த ரூம் ஐயாட்டப் போயி நீட்டிச்சு வாங்கினாவ. எங்க வக்கீலம்மாவும் வந்துருவாவன்னு அஞ்சு மணி வரைக்கும் பாத்தேன்."

"அப்பவே ஏன்க்கா கேக்கல?"

"நீங்களே சொல்லுவியன்னு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கழுவிய சொம்பிலேயே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கிறவரை பக்கத்தில் நின்றாள். அப்புறம் சொன்னாள்: "கேஸ் கட்ட எட்வின் ஐயாட்டக் குடுத்துருங்கம்மா."

24 ஜூன்
எட்வின் நடத்துவதில் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். ஒன்பது வருடக் கட்டு. முத்துப்பாண்டி தூக்கிக்கொண்டு போனான். தப்பு என்னுடையது என்ற பிரமாணப் பத்திரமும் தாக்கலாகிவிட்டது.

8 ஜூலை
மில்லிலிருந்து கடிதம். வழக்குத் தாள்களைத் திருப்பிக் கேட்கிறார்கள். மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

22 ஜூலை
வேறொரு வழக்குக்காகக் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளத்தாயக்கா வழக்கைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"மேடம், இதுல நீங்க இல்லையே?" என்றார் நீதிபதி. கோபமாகக் கேட்கவில்லை.

எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி எட்வின் எழுந்தார். அக்கா பின்னால் சுவரோரம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்தேன்.